சொன்னது, நடந்தது

 

2020ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா ஒரு பக்கம், மஞ்சள் தட்டுப்பாடு மறு பக்கம். இறக்குமதியை அரசு நிறுத்தியதும் ஒரு கிலோ மஞ்சள் சில ஆயிரம் ரூபாய்க்கு ஏறியது. கல்யாண வீட்டுக் கறிகூட வெளிறிப்போன காலம் அது. கற்பிட்டிக் கடலில் கடற்படை பிடிக்கும் பீடி இலை மூட்டைகளோடு அப்போது மஞ்சள் மூட்டைகளும் சேர்ந்தன. துரத்தும்போது கடலில் தள்ளிவிட்டவை கரையொதுங்கின.

விடியற்காலையில் கரைவலைக்குப் போகிற ஒருவன் மணலில் அப்படி ஒரு மூட்டையைக் காண்கிறான். அதை வாடிக்குள் இழுத்துப் போடலாம், அது குற்றம். காணாததுபோல் நடக்கலாம், ஊரில் பெரும்பாலானோர் அதைத்தான் செய்வார்கள். பொலிஸுக்கு அழைத்துச் சொல்லவும் செய்யலாம். இந்த மூன்றிலும் அவனுக்கு அதிகப் பயம் தருவது எது என்று கேட்டால், கடைசியைத்தான் சொல்வான். ஏனென்றால் சொன்ன அடுத்த நிமிடமே அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "அந்த நேரத்தில் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதுதான்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பொலிஸ் பணியிலும் பொதுச் சேவையிலும் பொதுமக்களின் பங்கேற்பு. தலைப்பில் கொஞ்சம் சுற்றறிக்கை வாசனை அடிக்கிறது, பரவாயில்லை. நான் பேசப்போவது அந்த மூட்டைக்கு முன்னால் நிற்கிற மனிதனைப் பற்றித்தான். பொதுமக்கள் ஒத்துழைப்பதில்லை என்று மேடைக்கு மேடை அதிகாரிகள் குறைப்படுகிறார்கள். இந்தக் கரையின் வரலாற்றைப் பார்த்தால் ஒத்துழைப்புக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஒத்துழைத்தவனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பதே இங்கே பஞ்சம்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், கொட்டாவி விடவேண்டாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தன் கண்முன்னே பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் அதைச் செய்தவனைப் பிடிக்கும் அதிகாரத்தைச் சாதாரண மனிதனுக்கே கொடுக்கிறது. பிடித்தவனைத் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதே சட்டத்தில் 'சமாதான உத்தியோகத்தர்' என்று ஒரு சொல் உண்டு. பொலிஸ்காரர் மட்டுமல்ல, அதற்கென எழுத்தில் நியமிக்கப்பட்ட கிராம உத்தியோகத்தரும் அதற்குள் வருகிறார். கடலில் மூழ்கிப் போனவரின் உடல் கரைக்கு வந்தால் முதலில் வந்து பார்க்கும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் அநேகமாக நம்மைப் போன்ற ஒரு ஊர்க்காரர்தான். காக்கிச் சட்டைக்கும் சாரத்துக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு பிரிவு இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

வரலாறும் அப்படி நினைக்கவில்லை. இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865இல் வந்தது. இன்றைக்கும் அதன் கூரையின் கீழ்தான் பொலிஸ் இருக்கிறது. ஆனால் வந்த உடனே நுரைச்சோலைக்கும் உடப்புக்கும் பொலிஸ் நிலையம் வந்துவிடவில்லை. பல பதிற்றாண்டுகள் கிராமத்தில் பொலிஸ் என்றால் பொலிஸ் விதானைதான். சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. களவு போனால் விசாரிப்பது, சண்டையை விலக்குவது, கள்வனைக் கட்டி நீதிமன்றத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. மரியாதைதான் கூலி. மரியாதை மட்டுமே கூலியாக இருந்தால் கோழியும் தேங்காய்க்குலையும் வீடு தேடி வரத்தான் செய்யும். வரவில்லை என்று சொல்ல நான் பொய் பேச வேண்டியிருக்கும்.

அந்த வரிசையில் நம் ஊர்ப் பெயர் ஒன்று உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியை 'தமிழ் புளூட்டாக்' எழுதிய அறிஞராக நாம் படிக்கிறோம். 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகர வரிசையில் அடுக்கிய நூலும் அவருடையதுதான். ஆனால் அவர் முதலில் ஒரு மணியகாரர், பிறகு முதலியார். இந்தப் பகுதியின் வரியும் வழக்கும் அமைதியும் தன் தலையில் இருந்த மனிதர். பின்னால் சட்டநிரூபண சபைக்குப் போனார், 1845இல் சிவில் சேவைக்குள் எடுக்கப்பட்டார், சிலாபத்தில் நீதிபதியாக அமர்ந்தார். ஊரை அவ்வளவு நுணுக்கமாக எழுத அவருக்கு எப்படி முடிந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஊருக்குப் பொறுப்பாக இருந்தவன் ஊரை அறியாமல் இருக்க முடியாது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை கிடைக்கவில்லை.

1963இல் தலைமைக்காரர் முறை போய்க் கிராம சேவகர் வந்தார். பரீட்சை எழுதி வந்தவர், மாற்றலாகிப் போகிறவர். நல்ல மாற்றம்தான், ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து பதவி விடுபட்டது. இன்றைக்குப் புத்தளம் மாவட்டத்தில் 548 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இருக்கின்றன. வயதானவர்கள் இன்னும் அவரை விதானையார் என்றே கூப்பிடுகிறார்கள், இளையவர்கள் ஜீ.எஸ். என்கிறார்கள்.

பொதுச் சேவை என்ற சொல்லை இந்தக் கரையில் உச்சரிப்பவன் 1990ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். இந்த அவையிலேயே அப்படி இறங்கியவர்கள் இருக்கிறீர்கள். நனைந்த துணியோடு வந்தவர்களுக்கு முதல் சோறு கொடுத்தது அரசாங்கம் அல்ல. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் தென்னந்தோட்டக் கொட்டில்களும் திறந்துகொண்டன. பெயர்ப் பட்டியல் எழுதியவர்கள் கொப்பியும் பேனையும் வைத்திருந்த ஊர்ப் பொடியன்கள். பிறகு தண்ணீருக்கும் காணிக்கும் வேலைக்கும் வாக்குச்சீட்டுக்கும் மனக்கசப்பு வந்தது, அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் அந்த முதல் நாட்களை வைத்துப் பார்க்கும்போது, இந்த மக்களுக்குப் 'பங்கேற்பு' என்றால் என்ன என்று வகுப்பு எடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் கூச்சப்படவேண்டும்.

இனி நாம் பேசத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

2011 ஆகஸ்ட். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று மலையகத்திலும் கிழக்கிலும் தொடங்கிய பேச்சு, சில நாட்களில் தீவையே சுற்றியது. கிண்ணியாவில் மக்களுக்கும் கடற்படைக்கும் மோதல், யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்களுக்கும் படையினருக்கும் மோதல், நூற்றுக்கு மேற்பட்டோர் கைது. ஆண்கள் பொல்லோடு தெருமுனையில் காவல் இருந்தார்கள். பெண்கள் மாலையானதும் யன்னலைச் சாத்தினார்கள். பிடித்துக் கொடுத்தாலும் பொலிஸ் விட்டுவிடுகிறது, ஓடியவன் முகாமுக்குள் நுழைந்துவிடுகிறான் என்ற பேச்சு, பூதத்தைவிட வேகமாக ஓடியது.

ஆகஸ்ட் 21ஆம் திகதி இரவு அது புத்தளம் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. கூட்டம் கூடியது, பொலிஸாரோடு மோதியது, போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிள் அடித்துக் கொல்லப்பட்டார். இராணுவம் இறக்கப்பட்டது. கைதுகள் நடந்தன. பல வீடுகளில் ஆண்கள் நாட்கணக்காக வீட்டில் தூங்கவில்லை.

இந்தக் கொலையை நியாயப்படுத்த ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. செத்தவர் பூதமும் அல்ல, பூதத்தின் கூட்டாளியும் அல்ல. தெருச் சந்தியில் வாகனங்களை ஒழுங்குபடுத்திய மனிதர், அவருக்கும் ஒரு வீடு இருந்தது. ஆனால் அந்த இரவை 'வதந்தி' என்ற ஒரு சொல்லில் மூடிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வதந்தி வெறும் நிலத்தில் முளைக்காது. முப்பது வருடப் போரில் நடந்ததைக் கேட்டவனுக்குப் பதில் கிடைக்காத நிலம் இது. ஆட்களைக் கடத்திப் போன வெள்ளை வானை யார் ஓட்டினார் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியிருக்க, கிறீஸ் பூதம் யார் என்று சொல்வார்கள் என மக்கள் எப்படி எதிர்பார்ப்பார்கள்? கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் மக்கள் தாங்களே பொலிஸாகிவிடுகிறார்கள். தாங்களே பொலிஸானவர்கள் தாங்களே நீதவானும் ஆகிறார்கள், அங்கேதான் ஆள் சாகிறான்.

மொழியும் இதில் ஒரு பங்கு வகித்தது என்பது என் கணிப்பு. பொலிஸ் நிலையத்தில் நம்மவர் தமிழில் சொல்வார், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுவார், கீழே கையொப்பம் வைக்கச் சொல்வார். பல வருடங்களுக்கு முன் ஒரு நிலையத்துக்கு, பெயர் வேண்டாம், பக்கத்து வீட்டு வயதான பெண்ணோடு துணைக்குப் போனேன். தங்கச் சங்கிலி களவு போயிருந்தது. அவர் சொன்னதை அங்கே மொழிபெயர்த்தவர் எங்களைக் கூட்டிவந்த முச்சக்கரவண்டிக்காரர். வெளியே வந்ததும் அந்த அம்மா என்னிடம், "தம்பி, அவர் எழுதினது என்ட முறைப்பாடா, ஓட்டோக்கார மகன்ட முறைப்பாடா?" என்று கேட்டார். இன்றைக்குவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பாருங்கள், சம்பளம் இல்லாமல் அன்றைக்குப் பொலிஸ் வேலையின் பாதியைச் செய்தவர் அந்த ஓட்டோக்காரர்.

பூதக் காலத்துக்குப் பிறகு கிராமம் கிராமமாக விழிப்புக் குழுக்கள் என்றும் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் என்றும் கூட்டினார்கள். சிவில் பாதுகாப்புக் குழு புதிதல்ல, போரின் கடைசி ஆண்டுகளிலேயே இருந்ததுதான். அப்போது அதன் வேலை, ஊருக்குப் புதிதாக வந்தவன் யார் என்று சொல்வது. இங்கேதான் சிக்கல். நம் மொழியில் 'காட்டிக் கொடுத்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது, 'சாட்சி சொல்லுதல்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. இரண்டிலும் ஒருவன் வாய் திறக்கிறான், இன்னொருவன் பிடிபடுகிறான். முதலாவதைச் செய்தவனை ஊர் காறித் துப்பும், இரண்டாவதைச் செய்தவனுக்கு ஊர் எழுந்து நிற்கும். வித்தியாசம் என்னவென்றால், சாட்சி வெளிச்சத்தில் நின்று சொல்கிறான், சொன்னதற்கு அவனையும் குறுக்குக் கேள்வி கேட்கலாம், முடிவில் தீர்ப்பு எல்லோர் காதிலும் விழுகிறது. முகத்தை மூடிக்கொண்டு, வரிசையில் நிறுத்தப்பட்டவர்களைத் தலையாட்டிக் காட்டிக் கொடுத்தவர்களை இந்த நாடு பார்த்திருக்கிறது. தலையாட்டிக்கு எதிரில் நின்றவன் தீர்ப்பு என்னவென்று கடைசிவரை அறியவில்லை. தகவல் எடுத்துக்கொண்டு போய் ஒன்றும் திருப்பிச் சொல்லாத குழு எதுவானாலும், அதில் உட்காருகிறவனை ஊர் தலையாட்டியாகத்தான் பார்க்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே கதை வேறு மாதிரி நடந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1993இல் அப்போதைய பொலிஸ் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களில் நல்ல பெயர் எடுத்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் தகவலுக்கும் துணையாக வைப்பது யோசனை. தமிழ்நாடு முழுவதும் பரவியது, வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. 2020 ஜூனில், நமக்கு நேர் எதிர்க்கரையான தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில், கடை நடத்திய தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அந்த இரவு நிலையத்தில் இந்த அமைப்பின் தொண்டர்களும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பின் தரப்பு தங்கள் ஆட்கள் இல்லை என்று மறுத்தது. ஜூலையில் தமிழ்நாடு அரசு அமைப்பைத் தடை செய்துவிட்டது.

நான் இதில் கவனிப்பது ஒன்று. நண்பன் என்று வந்தவன் பொலிஸுக்கு மட்டும் நண்பனாகிவிட்டால், அடைத்த கதவுக்குப் பின்னால் அடி விழும்போது அவன் எங்கே நிற்பான்? தொண்டனுக்குத் தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள். "இது சரியில்லை ஐயா" என்று சொல்லும் உரிமையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நம் நாட்டில் சொன்னவர்களும் இருந்தார்கள். 2019 ஜனவரி 16ஆம் திகதி நம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சுமார் நூறு கிலோ வெடிபொருளைக் கைப்பற்றியது. அதற்கு உதவியவர் மாவனல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம், ஓர் அமைச்சரின் இணைப்பாளர். புத்தர் சிலைகள் உடைக்கப்பட்ட வழக்கில் தகவல் தேடிக் கொடுத்தவரும் அவர்தான். மார்ச் மாதம் ஒரு விடியற்காலை தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தலையில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், உடல் பழையபடி ஆகவில்லை. வெடிபொருளைப் பதுக்கிய அதே கூட்டத்தைப் பற்றிக் காத்தான்குடியில் 2017இலிருந்தே முஸ்லிம்கள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, அந்தக் கூட்டத்தின் குண்டுகள் தேவாலயங்களில் வெடித்தன. மே 13இல் நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில், எந்தப் பாவமும் அறியாத ஒரு தச்சுத் தொழிலாளியைக் கும்பல் வெட்டிக் கொன்றது. சொன்னதற்குக் கிடைத்தது குண்டு, சொல்லியும் கேட்காததற்கு விலை கொடுத்தவர்கள் தேவாலயத்தில் முழந்தாளிட்டிருந்தவர்கள், அதற்குப் பழிவாங்கப்பட்டவர்கள் சொன்னவர்களின் சமூகத்தார். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இலேயே ஒரு சட்டம் இருந்தது. 2023இல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள். நல்லது.

எல்லாம் இப்படித்தான் என்று உங்களை அனுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. ஒன்று வேலை செய்திருக்கிறது, அதை நான் உள்ளேயிருந்து பார்த்தேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை. நான் அதில் மத்தியஸ்தராக இருந்தேன். வார இறுதியில் பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க உட்காருவோம். பொலிஸ் அனுப்பும் சிறு வழக்குகளும் கடன் வழக்குகளும் வரும். ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். தீர்ப்பு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. இணங்கினால் எழுதிக் கையொப்பம், இணங்காவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ், அதோடு நீதிமன்றம் போகலாம்.

ஒருமுறை களப்பில் வலை வெட்டுப்பட்ட விவகாரம். படகுக்காரர் சிங்களம், வலைக்காரர் தமிழ். என்ஜின் காற்றாடி இருட்டில் வலையில் ஏறிவிட்டது. படகுக்காரர் வேண்டுமென்றே செய்யவில்லை என்றார். வலைக்காரர் வேண்டுமென்றேதான் என்றார். இரண்டு மணி நேரம் இரண்டு மொழியிலும் கத்தினார்கள், நாங்கள் கத்தவிட்டோம். மத்தியஸ்தத்தில் பாதி வேலை அதுதான். கடைசியில் படகுக்காரர், "வெளிச்சம் கட்டாமல் வலை விட்டால் நான் என்ன செய்ய?" என்று கேட்டார். வலைக்காரர் பேசவில்லை. வலையின் பாதி விலையும், அன்றிலிருந்து மிதவையில் விளக்கும் என்று முடிந்தது. அன்று வந்த பலன் எனக்கு முக்கியமில்லை. இருவரும் தாங்கள் இணங்கியது என்ன என்பதைத் தங்கள் மொழியில், கையில் தாளாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

சிவில் பாதுகாப்புக் குழுவுக்கும் இதற்கும் இடையே என்ன வித்தியாசம்? மத்தியஸ்த சபைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு ஆணைக்குழு இருக்கிறது, பதவிக் காலம் இருக்கிறது, முடிவில் ஒரு தாள் இருக்கிறது. குழுவுக்குப் பின்னால் இருப்பது பொறுப்பதிகாரியின் நல்ல மனம். அவருக்கு மாற்றம் வந்தால் குழுவுக்கும் மாற்றம். குழுவில் யார் இருப்பது என்பதையும் அநேகமாக அவரே முடிவு செய்வார், ஆகவே கடைக்காரர்கள் வருவார்கள், கோயில், பள்ளிவாசல் தர்மகர்த்தாக்கள் வருவார்கள். கருவாடு காயவைக்கும் பெண்கள் வரமாட்டார்கள். இரவில் வாடியோரம் யார் வருகிறார் யார் போகிறார் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? 2018இல் கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவராதே என்று தெருவில் உட்கார்ந்தவர்களிலும் பெண்கள்தான் கணிசம். அந்தப் போராட்டத்தைப் பொதுமக்கள் பங்கேற்பு என்று எந்தப் பொலிஸ் நிலையமும் குறித்துவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் சொந்த அனுபவத்தோடு நிறுத்துகிறேன். ஒரு காலம் ஒரு குழுவுக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். கூட்டக் குறிப்பு எழுத ஒரு சீ.ஆர். கொப்பி தந்தார்கள். அதில் ஏற்கெனவே மூன்று நிரல் கோடிட்டிருந்தது: திகதி, சொன்னவர், சொன்னது. நான் அடிமட்டத்தை எடுத்து நாலாவது ஒரு கோடு போட்டு மேலே 'நடந்தது' என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் பொறுப்பதிகாரி அதைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார். "மாஸ்டர், என்னையும் பரீட்சை எழுத வைக்கிறீங்களா?" என்றார். பிறகு பேனையை வாங்கி, போன மாதம் வந்த ஆறு முறைப்பாட்டில் மூன்றுக்கு என்ன நடந்தது என்று தன் கையாலேயே சிங்களத்தில் எழுதினார், பக்கத்திலிருந்த சார்ஜன்ட் அதைத் தமிழில் சொன்னார். மற்ற மூன்றுக்கு 'இன்னும் இல்லை' என்று எழுதினார். அந்த மாதமும் அடுத்த மாதமும் குழுவுக்கு முன்னெப்போதும் வராதவர்கள் வந்தார்கள். ஒரு நாள் மாலை ஒரு கரைவலைக்காரப் பொடியன், யாருடைய பெயரும் சொல்லாமல், எந்த வாடிக்கு எந்த இரவு லொறி வந்தது என்று எழுந்து நின்று சொன்னான்.

நாலாம் மாதம் அந்தப் பொறுப்பதிகாரிக்கு மாற்றம் வந்தது. புதியவர் நல்லவர்தான், அவருக்கு வேலை அதிகம். கொப்பியில் அதற்குப் பிறகுள்ள பக்கங்களில் மூன்று நிரல் நிரம்பியிருக்கிறது, நாலாவது வெள்ளையாக இருக்கிறது. அந்தப் பொடியன் மறுபடியும் வரவில்லை. கொப்பி இன்னும் என் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. இந்தப் பிரதேசத்தின் உத்தியோகத்தர்கள் சிலரும் அவையில் இருப்பதால் சொல்கிறேன். யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.